கண்மாய்க்குள் எத்தனை பேருக்கு இடம்?

(வானொலிப் பண்ணை உரை)



"புறம்போக்குதானே, சும்மாதானே கிடக்குது?" என்ற பேச்சை எந்த ஊர்க் கூட்டத்திலும் கேட்கலாம். சும்மா கிடக்கிற இடத்தில் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டுத் திடல் வந்தால் என்ன, பூங்கா வந்தால் என்ன என்று ஒரு கட்சி. மாடு எங்கே மேயும், மழைத் தண்ணீர் எங்கே நிற்கும் என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்காரரும் ஒரே ஊர்க்காரர்கள்தாம். பல வீடுகளில் அப்பா ஒரு கட்சி, மகன் ஒரு கட்சி.

இந்த வழக்கு நேற்று முளைத்தது இல்லைங்க. பொது நிலத்தில் பாசனம், மேய்ச்சல், மீன், திருவிழா, விளையாட்டு எல்லாம் நெடுங்காலம் ஒன்றாகவே பிழைத்து வந்தன. எப்படிப் பிழைத்தன, எங்கே முட்டிக்கொண்டன என்பதை நம் மதுரைப் பக்கத்தை வைத்தே இன்றைக்குப் பார்ப்போம்.

கண்மாயின் பெயரால் அறியப்பட்ட ஊர்

மதுரைக்கு மேற்கே, வைகையின் தென்கரையில் இருக்கிறது கோச்சடை. இன்று அது மாநகரத்துக்குள் அடங்கிய பகுதி. ஒரு காலத்தில் நஞ்சை வயல் சூழ்ந்த ஊர். இதற்கு மேற்கே துவரிமான் கண்மாய், தெற்கே மாடக்குளம் கண்மாய். ஆற்றில் தண்ணீர் வரும்போது கால்வாய் வழியே வாங்கி நிறைத்துக்கொள்ளும் கண்மாய்கள் இவை.

மாடக்குளம் சாதாரணக் கண்மாய் இல்லை. பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் மதுரையைக் குறிக்கும்போது 'மாடக்குளக்கீழ் மதுரை' என்று வரும். மாடக்குளத்துக்குக் கீழே இருக்கிற மதுரை என்று பொருள். இன்றைக்கு நாம் மதுரைக்குப் பக்கத்தில் மாடக்குளம் என்று விலாசம் சொல்கிறோம். அன்றைக்கு மதுரைக்கே கண்மாய்தான் விலாசம்! அவ்வளவு பெரிய மரியாதை நீர்நிலைக்கு இருந்தது.

அந்த மரியாதைக்குப் பாசனம் மட்டும் காரணம் இல்லை. கண்மாயால் பிழைத்தவர் பலர். மீன் பிடிப்பவர், ஆடுமாடு வைத்திருப்பவர், துணி வெளுப்பவர், பானை வனைபவர் எல்லாருக்கும் அதில் ஒரு பாத்தியதை இருந்தது. கரையோரத்தில் அய்யனார் காவல் இருப்பார். கோச்சடையில் அய்யனாரும் முத்தையா சாமியும் இருக்கும் கோயில் இந்த வட்டாரத்தில் பெயர் பெற்றது. நம் பக்கத்து அய்யனார் கோயில்களில் புரவி எடுப்பு நடக்கும்போது, அந்த மண் குதிரைக்கு மண் எங்கிருந்து வரும்? கண்மாய்க்குள் இருந்துதான். சாமிக்கும் கண்மாயில் ஒரு பங்கு உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிலத்துக்கும் முறை உண்டு

இத்தனை பேரும் ஒரே இடத்தில் எப்படிச் சண்டை இல்லாமல் பிழைத்தார்கள்? முறைப்பாசனம் உங்களுக்குத் தெரியும். ஒரு மடைத் தண்ணீரை ஆள் மாற்றி ஆள், நாள் வைத்துப் பாய்ச்சுகிறோம். கண்மாய் நிலத்துக்கும் அதே மாதிரி முறை இருந்தது. அங்கே நாள் கணக்குக்குப் பதிலாக மாதக் கணக்கு.

ஐப்பசி, கார்த்திகையில் மழை. கண்மாய் தண்ணீருக்கு மட்டுமே சொந்தம். மார்கழி, தையில் மடை திறக்கும். அது ஆயக்கட்டுக்காரர் காலம். அறுவடை முடிந்து தண்ணீர் முழங்காலுக்கு வற்றும்போது மீன்பிடித் திருவிழா. ஊத்தாவையும் கச்சாவையும் தூக்கிக்கொண்டு சுற்றுப்பட்டு ஊரெல்லாம் இறங்கும். அதன்பின் சித்திரை, வைகாசியில் உள்வாய் காய்ந்துவிடும். அப்போதுதான் கரம்பை மண் வெட்டி வயலுக்கு வண்டி ஓட்டுவார்கள். கோரையும் புல்லும் முளைத்த இடத்தில் மாடு மேயும், ஆட்டுக்கிடை போடுவார்கள். சாயங்காலம் பையன்கள் பந்தடிப்பார்கள், சடுகுடு ஆடுவார்கள். ஆடியில் வரத்துக்காலைச் செதுக்கி, கரையில் மண் போட்டு, அடுத்த மழைக்குத் தயார் செய்வார்கள்.

பாருங்க, விளையாட்டுக்கும் இதில் முறை இருந்தது. ஆனால் விளையாடியவன் கண்மாய்க்குள் ஒரு செங்கலையும் விட்டுவிட்டுப் போகவில்லை. மழை வந்தால் பந்தைத் தூக்கிக்கொண்டு கரையேறிவிட்டான். ஒரே நிலம் பத்துப் பேருக்கு உதவிய ரகசியம் இவ்வளவுதான்.

ஜல்லிக்கட்டும் அப்படித்தான். தை இரண்டாம் நாள் பாலமேட்டில் நடக்கும் ஜல்லிக்கட்டு மஞ்சமலை ஆற்றுத் திடலில் நடக்கிறது. மாடு வருகிற நாளில் அது வாடிவாசல், வெள்ளம் வருகிற நாளில் அது ஆறு. 2024 ஜனவரி 24-ல் அலங்காநல்லூர் பக்கம் கீழக்கரையில் ஜல்லிக்கட்டுக்கென்றே பெரிய அரங்கம் திறக்கப்பட்டது. இது நிரந்தரக் கட்டடம். பாலமேட்டுத் திடல் வந்துபோகிற ஏற்பாடு. இந்த இரண்டு வகைக்கும் உள்ள வித்தியாசத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இந்தப் பழைய முறையில் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. மண் சுமந்தவர் ஒருவர், முதல் தண்ணீர் பாய்ச்சியவர் வேறொருவர் என்ற நிலை பல ஊர்களில் இருந்தது. ஊர்ப் பொது என்று சொல்லிக்கொண்டே சிலரை ஒதுக்கி நிறுத்திய ஊர்களும் உண்டு. அந்தப் பகுதி நமக்கு வேண்டாம். ஆள் மாற்றி ஆள் பயன்படுத்துகிற அந்த ஏற்பாடு மட்டும் வேண்டும்.

ஆறே திடலான கதை

நம் வைகை இதற்குப் பெரிய உதாரணம். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க லட்சக்கணக்கான ஜனம் கூடுகிறது. முன்காலத்தில் அழகர் கோச்சடைக்கும் மேற்கே தேனூரில்தான் ஆற்றில் இறங்கினார் என்றும், 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் காலத்தில்தான் மதுரைக்கு வந்து மீனாட்சி திருக்கல்யாணத்தோடு சேர்ந்தார் என்றும் வழிவழியாகச் சொல்கிறார்கள். மாசியில் நடந்த விழாவை அறுவடை முடிந்து ஜனங்கள் ஓய்வாக இருக்கிற சித்திரைக்கு மாற்றினார் என்றும் சொல்வார்கள். ராஜாவின் விழாவே உழவன் ஓய்வு பார்த்து நாள் குறித்தது என்பது நமக்குப் பெருமையான சேதிதானே!

சித்திரையில் ஆறு வற்றிக் கிடக்கும். அகன்ற மணல்வெளியில் மாட்டு வண்டியை அவிழ்த்துப் போட்டு, அடுப்புக் கூட்டி, சமைத்துச் சாப்பிட்டுத் திரும்பினார்கள் நம் பெரியவர்கள். ஆற்று மணல் அன்றைக்குச் சத்திரம், சந்தை, கூத்துமேடை எல்லாமாக இருந்தது. ஐப்பசியில் அந்த இடத்தை ஆறு திரும்ப எடுத்துக்கொண்டது.

அதே மணலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கோச்சடை, மேலக்கால் பக்கம் ஆற்று மணலுக்குள் கிணறு அமைத்துத்தான் மதுரை நகரத்துக்குக் குடிநீர் எடுத்தார்கள். மணலின் கன அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இடைவெளி. அந்த இடைவெளியில் தண்ணீர் நிற்கும். வெயில் அதை லேசில் உறிஞ்ச முடியாது. நாம் மிதித்து நடந்த திருவிழா மணலுக்கு அடியில் நகரத்தின் குடிநீர்த் தொட்டி இருந்தது. மணலை அள்ளியபோது தொட்டியும் போனது, திடலும் போனது. முள்ளும் கட்டாந்தரையுமாகிப் போன ஆற்றில் திருவிழாக் கூட்டத்துக்கும் கஷ்டம், கிணற்றுக்கும் கஷ்டம்.

முறை எப்போது உடைந்தது?

வெள்ளைக்காரர் காலத்தில் நிலத்தை அளந்து, வரி வசூலாகிற நிலம், வசூலாகாத நிலம் என்று பிரித்தார்கள். வசூலாகாதது புறம்போக்கு என்று கணக்கில் ஏறியது. கண்மாய், ஓடை, மந்தை, மேய்க்கால், சுடுகாடு எல்லாம் அந்தப் பேரேட்டுக்குள் போயின. ஊருக்கு உயிரான இடம், கணக்குப்பிள்ளை பார்வையில் வருமானம் இல்லாத இடம் ஆனது. "சும்மா கிடக்குது" என்ற பேச்சுக்கு வித்து அங்கேதான் விழுந்தது. குடிமராமத்து தளர்ந்துபோனது. ஜனங்களை வேலைக்கு வரவைக்க 1858-ல் ஒரு கட்டாய உழைப்புச் சட்டமே போட வேண்டியதாயிற்று. புறம்போக்கை ஆக்கிரமிப்பவரை அகற்ற 1905-ல் தனிச் சட்டம் வந்தது. முறையாக நடந்த காரியம் எல்லாம் சட்டத்தின் கைக்குப் போனது.

அதன்பின் மின்சார மோட்டார் வந்தது. கிணறு இருக்கிறவர் கண்மாயை எதிர்பார்ப்பது குறைந்தது. மேய்ச்சலுக்கு இருந்த உள்வாயில், 1981-ல் தொடங்கிய சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தில் கருவேல மரங்கள் நடப்பட்டன. விறகுக்கு உதவியது உண்மை. மாட்டுக்கும் கரம்பை மண்ணுக்கும் வழி குறைந்ததும் உண்மை. சீமைக்கருவேல் தானாகவே வந்து உட்கார்ந்துகொண்டது.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. நகரம் வளர்ந்தபோது கண்மாய்க்குக் கீழே இருந்த நஞ்சைகள் மனைகளாயின. மடையைத் திற என்று கேட்க ஆள் இல்லை. வரத்துக்காலில் குப்பை விழுந்தால் சண்டைக்கு வர ஆள் இல்லை. ஆயக்கட்டு போன கண்மாய், கேட்பாரற்ற சொத்து. பிறகு அங்கே எது வந்தால் என்ன என்றாகிவிடுகிறது. தல்லாகுளம் என்று ஊர்ப் பெயரில் குளம் இருக்கிறது; அந்தப் பாசனக் குளத்தைத் தேடினால் கட்டடங்கள்தாம் தெரியும். உலகனேரிக் கண்மாய்ப் பகுதியில் 2004-ல் உயர்நீதிமன்றக் கிளை வந்தது. நீதிமன்றமும் அலுவலகமும் ஜனங்களுக்கு வேண்டியவைதாம். ஆனால் கண்மாய்க்குள் வந்துவிட்ட கட்டடம் மழைக்காலத்தில் எழுந்து இடம் விடாது.

இடம் இல்லாத தண்ணீர் என்ன செய்யும்? 2024 அக்டோபர் 25-ம் தேதி மதுரையில் கொட்டிய மழையில் செல்லூர், பந்தல்குடி வாய்க்கால் ஓரத்து வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தோம். தண்ணீர் தன் பழைய விலாசத்தை மறக்கவில்லை.

ஒரு சின்னக் கணக்கு

ஒரு ஏக்கரில் ஒரு அடி ஆழம் தண்ணீர் நின்றால் 43,560 கன அடி. லிட்டர் கணக்கில் சுமார் 12 லட்சத்து 33 ஆயிரம். கண்மாய்க்குள் 10 ஏக்கரை மேடாக்கித் திடலோ கட்டடமோ அமைக்கிறார்கள் என்று வையுங்கள். அந்த இடத்தில் முன்பு 5 அடி தண்ணீர் நின்றது என்றால், போனது 50 ஏக்கர் அடி. அதாவது ஆறு கோடி லிட்டருக்கு மேல். ஒரு ஏக்கர் நெல்லுக்கு நாற்று முதல் அறுவடை வரை சுமார் 4 அடித் தண்ணீர் வேண்டும். ஆக ஒரே நிறைப்பில் 12 ஏக்கர் நெல்லுக்கு ஆன தண்ணீர் போச்சு. பக்கத்துக் கிணறுகளுக்கு ஊறியிருக்கிற தண்ணீர் தனி.

"பத்து ஏக்கர்தானே" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

விளையாட்டு பகையாளி இல்லை

இதைக் கேட்டு, பூங்கா, படகு, நடைபாதை எல்லாமே நமக்கு எதிரி என்று எண்ணிவிட வேண்டாம். மாரியம்மன் தெப்பக்குளத்தைப் பாருங்கள். 1645-ல் திருமலை நாயக்கர் வெட்டியது. வைகையிலிருந்து பனையூர்க் கால்வாய் வழியாகத் தண்ணீர் வர வேண்டிய குளம். கால்வாய் தூர்ந்துபோய்ப் பல வருஷம் குளம் வறண்டு கிடந்தது. பையன்கள் உள்ளே கிரிக்கெட் ஆடினார்கள். தைத் தெப்பத் திருவிழாவுக்குத் தண்ணீர் இல்லாமல் நிலைத்தெப்பமாக நடந்த வருஷங்களும் உண்டு. பிறகு கால்வாயைச் சீர் செய்து, ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து நிறைத்தார்கள். கிரிக்கெட் வெளியே போனது. தெப்பம் மிதந்தது, படகு ஓடியது, சாயங்காலம் படிக்கட்டில் காற்று வாங்கக் கூட்டம் வந்தது. சுற்றியுள்ள வீடுகளின் ஆழ்துளைக் கிணறுகளிலும் தண்ணீர் ஏறியது.

அந்தக் குளத்துக்குக் கீழே நெல் வயல் இல்லை, ஆயக்கட்டும் இல்லை. ஆனாலும் தண்ணீர் வேண்டும் என்று கேட்க ஆள் இருந்தது. திருவிழா பார்க்கிறவனும் காற்று வாங்குகிறவனும் ஒரு வகை ஆயக்கட்டுதாரர் ஆகிவிட்டார்கள்! வண்டியூர்க் கண்மாய் ஐந்நூறு ஏக்கருக்கு மேற்பட்டது. அதன் வயல்கள் நகராகிவிட்டன. அங்கே கரையில் நடைபாதையும் பூங்காவும் அமைக்கும் வேலையை மாநகராட்சி எடுத்தது. அதை நாம் எதிர்க்க வேண்டியதில்லை. கேட்க வேண்டியது ஒரே கேள்வி: நடைபாதை தண்ணீருக்குக் காவலா, தண்ணீருக்குள் குடியேற்றமா? கரைமேல் போட்ட பாதை காவல். உள்வாயை மேடாக்கிப் போட்ட பாதை குடியேற்றம்.

இந்த வழக்கு நமக்கு மட்டும் வந்தது இல்லை. லண்டன் நகரத்துக்குப் பக்கத்தில் எப்பிங் காடு என்று ஒன்று. சுற்றுவட்டார ஜனங்கள் அங்கே மாடு மேய்த்தார்கள், குளிர்காலத்தில் மரக்கிளை வெட்டி விறகு எடுத்தார்கள். நிலப்பிரபுக்கள் வேலி போட்டு வளைத்தபோது பெரிய வழக்கு நடந்தது. 1878-ல் தனிச் சட்டம் வந்தது. காடு என்றைக்கும் திறந்த வெளியாக, ஜனங்களின் பொழுதுபோக்குக்கு இருக்க வேண்டும். மாடு மேய்க்கிற பாத்தியதையும் தொடரலாம் என்று ஏற்பாடாயிற்று. விறகு வெட்டும் உரிமை மட்டும் நிறுத்தப்பட்டது. சும்மா நிறுத்தவில்லை, இழப்பீடு கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் 1884-ல் லோட்டன் என்ற ஊரில் ஊர்ப் பொதுமண்டபம் கட்டினார்கள். உல்லாசமாக நடக்க வருகிறவனும் மாடு மேய்க்கிறவனும் ஒரே நிலத்தில் இருக்கலாம், உரிமை போனவனுக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்ற இரண்டு பாடம் இதில் இருக்கிறது.

உங்கள் ஊரில் என்ன செய்யலாம்?

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. ஏரிகளைப் பாதுகாத்து ஆக்கிரமிப்பை அகற்றத் தமிழ்நாட்டில் 2007-ல் சட்டம் வந்தது. 2011 ஜனவரி 28-ல் உச்ச நீதிமன்றம் பஞ்சாப் வழக்கு ஒன்றில், ஊர்ப் பொது நிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்கத் திட்டம் வகுக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பில் பொது நிலத்தின் பயன்களை அடுக்கியிருக்கிறார்கள்: மாடு குடிக்கக் குளம், மேய்ச்சல், நெற்களம், பிள்ளைகள் விளையாடும் மைதானம், திருவிழா, வண்டிப்பேட்டை, சுடுகாடு. நாட்டின் பெரிய நீதிமன்றமே களத்தையும் மைதானத்தையும் ஒரே வரிசையில் வைத்திருக்கிறது.

ஆகவே நான்கு காரியங்களைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டையும் ஊர் வரைபடத்தையும் கேட்டுப் பாருங்கள். எது நீர்நிலைப் புறம்போக்கு, எது மேய்க்கால், எது மந்தை என்று ஊரில் பத்துப் பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். எல்லை தெரியாத சொத்துக்குக் காவல் போட முடியாது.

இரண்டாவது, பையன்களுக்குத் திடல் உண்மையிலேயே வேண்டும். வேண்டாம் என்று சொல்லி அவர்களை விரட்டாதீர்கள். நீர்ப்பிடிப்புக்கு வெளியே, நீர் நிற்காத பொது நிலத்தில் இடம் பார்த்து, ஊராட்சி மூலம் நீங்களே கேட்டு வாங்கிக் கொடுங்கள். கோடையில் உள்வாயில் ஆடட்டும். வேலியும் சிமெண்டும் மட்டும் வேண்டாம்.

மூன்றாவது, கரையில் நடைபாதை, மின்விளக்கு, படகுத்துறை என்று எந்தத் திட்டம் வந்தாலும் வரைபடத்தைக் கேளுங்கள். மடை, கலுங்கு, வரத்துக்கால் மூன்றும் மறையக்கூடாது. கரம்பை எடுக்க டிராக்டர் இறங்க வழியும், மாடு தண்ணீர் குடிக்க இறக்கமும் இருக்க வேண்டும். 2024 முதல் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெற்று வண்டல் எடுக்க வழி செய்திருக்கிறார்கள். கோடை உழவுக்கு முன்னே எடுத்து வயலில் பரப்புங்கள். மணல்பாங்கான நிலத்துக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை. கண்மாயும் ஆழமாகும்.

நான்காவது, இதையெல்லாம் டீக்கடையில் பேசினால் போதாது. கிராம சபையில் பேசித் தீர்மானமாக எழுத வைக்க வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நாள் இருக்கிறது. இதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். ஊர் கூடிச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு மேலூர்ப் பக்கமே சாட்சி. அரிட்டாபட்டியைச் சுற்றி டங்ஸ்டன் சுரங்கம் வரும் என்ற ஏலத்தை, மலையும் கண்மாயும் போய்விடும் என்று ஜனங்கள் ஒன்றாக நின்று எதிர்த்தார்கள். 2025 ஜனவரி 23-ல் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது.

உழவர் பெருமக்களே, தமிழ்நாட்டில் சுமார் 39,000 கண்மாய், ஏரிகள் இருக்கின்றன. அவற்றில் எத்தனை இன்னும் ஐம்பது வருஷம் தண்ணீர் பார்க்கும் என்பது, அவற்றின் கீழே உழுகிறவர் எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள், கரைமேல் நடக்கிறவரை அவர்கள் எப்படித் தம் பக்கம் சேர்த்துக்கொள்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. மடைக்குக் கீழே கடைசி வயலை விற்கிற அன்றைக்கு நாம் வயலை மட்டும் விற்பதில்லை. கண்மாயைக் கேட்கிற பாத்தியதையையும் சேர்த்துத்தான் விற்கிறோம்.

இந்த ஆடிக்கு வரத்துக்காலைச் செதுக்கும்போது பந்தாடுகிற பையன்களையும் ஒரு நாள் மண்வெட்டியோடு கூப்பிடுங்கள். வேலை முடிந்ததும் அவர்களுக்குத் திடல் எங்கே என்பதையும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.